நான்காம் நாள்

வாரங்கள் ஆகலாம் என்றார் மருத்துவர்,
சிலருக்கு மாதங்கள். பொறுமை வேண்டுமாம்.
மீன் தொழிற்சாலையில் பதினாறு வருஷம்
பனிக்கட்டிக்குள் கைவிட்டு நிற்பவளுக்குப்
பொறுமை பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

கிலிபெக்ஸ் துறைமுகத்தில் திங்கட்கிழமை
கடைசித் துண்டு சோடா ரொட்டியை
வெண்ணெய் தடவித் தின்றேன்,
கடன்காரனுக்குக் கடைசித் தவணை கட்டுவதுபோல.
மீதியைக் கடற்காகங்களுக்கு வீசினேன்.
அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

செவ்வாய், தலைவலி, உருளைக்கிழங்கு.
புதன், உருளைக்கிழங்கு, யார்மீதோ கோபம்.
வியாழன் மாவில் புரட்டாமல் பொரித்த கானாங்கெளுத்தி,
தோல் சட்டியிலேயே ஒட்டிக்கொண்டது.

வெள்ளிக் காலை
நிலக்கரி வாளியோடு மாடி ஏறினேன்.
ஏறி முடித்த பிறகுதான் உறைத்தது
நடுப்படியில் நிற்கவில்லை என்று.
வருஷக்கணக்காய் நான் நிற்கும் படி அது.
தோள் சாய்ந்து சாய்ந்து
சுவரில் வண்ணம் போன இடம்கூட உண்டு.
இறங்கினேன், மறுபடி ஏறிப் பார்த்தேன்,
வாளியையும் தூக்கிக்கொண்டு.

சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன்.
முதலில் வந்தது ஆத்திரம்.
நான்கே நாளில் திருப்பித் தரக்கூடியதை
இத்தனை காலம்
யார் வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள்?
இரத்தசோகை என்றார்கள். மனச்சோர்வு என்றார்கள்.
உனக்கு எப்போதும் களைப்புதான் என்று
ஒருத்தன் பெட்டியோடு கிளம்பியும் போனான்.
அவனை அழைத்துச் சொல்லலாமா என்று இருந்தது:
களைப்பு இல்லை, டெஸ்மண்ட். ரொட்டி.

ஞாயிறு இரவு மாலகி அழைப்பான்.
தம்பி. கார்க்கில் தபால்காரன்.
அதே இரத்தம், அதே குடல்,
எனக்கு முன்பே தெரியவந்தது.
பதினான்கு மாதம் ஆயிற்று அவனுக்கு.
பீரை விட்டான். சாஸ் புட்டிகளை விட்டான்.
நற்கருணை அப்பத்தை விட்டு
கிண்ணத்து ரசம் மட்டும் வாங்குகிறான்.
பொட்டலங்களின் பொடி எழுத்தைப் படித்தே
மூக்குக்கண்ணாடி மாற்றியாயிற்று.
இன்னும் பையை இறக்கி வைக்க
மூன்று வீட்டுக்கு ஒரு மதில் தேடுகிறான்.

எத்தனை நாளில் தெரியும் என்று
முன்பொரு முறை கேட்டேன்.
ஆளுக்கு ஆள் மாறும் என்றான்,
அந்த ஆட்களில் தன்னைச் சேர்க்காத குரலில்.

ஃபோன் அடித்தது.
சமையலறையில் நான் ஆடிக்கொண்டிருக்கவில்லை,
ஆனால் ஒரு கால் மற்றதை
அழைத்துக்கொண்டுதான் இருந்தது.
எப்படி இருக்கிறாய் டெர்வ்லா?

"மெதுவாகத்தான் போகிறது,
பெரிதாக ஒன்றும் தெரியவில்லை,
உனக்கு ஆன மாதிரியே எனக்கும் ஆகும்போல,
பார்க்கலாம், இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லையே."

குளூட்டன் துளியும் கலக்காத பொய்.
ஆனாலும் தொண்டையில் நின்றது.

மறுமுனையில் மழை கேட்டது, கொஞ்ச நேரம்.
பிறகு சொன்னான்:
இவ்வளவு நீளமாக
நடுவில் மூச்சு வாங்காமல்
நீ பேசி நான் கேட்டதே இல்லை.

நான் வாயைத் திறக்கவில்லை.

எத்தனை நாள்?

நான்கு.

நான்கா! என்று சிரித்தான்.
அந்தச் சிரிப்பில் ஒரு கெட்ட வார்த்தை இருந்தது,
எனக்கானது இல்லை அது,
எங்கள் குடலைத் தைத்தவனுக்கு.
சிரித்து முடிக்க அவனுக்கு நேரம் பிடித்தது.

உன் வீட்டில் எத்தனை படி? என்றான்.
எண்ணியதில்லை. நிற்பவர்கள் எண்ணுவதில்லை.
எண்ணு, நானும் இங்கே ஏறுகிறேன்.

ஒன்று என்றேன். ஒன்று என்றான்.
இரண்டு. மூன்று.
அவனுடைய மரப்படி முனகுவது
என் காதுக்குள் கேட்டது.
ஆறில் அவன் எண்ணவில்லை.
நான் ஏழுக்குத் தூக்கிய காலை
கீழே வைத்தேன்.

கொஞ்சம் நில்லு என்றான்.

சுவரில் வண்ணம் போன இடத்தில்
தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றேன்.
அவசரமே இல்லை என்றேன்.